ஸ்பீச் தெரபிஸ்ட் பதிவு: லண்டன் பக்கமா, அமெரிக்கா பக்கமா?

களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடத்தில் நாலு வருடப் பட்டம் முடித்துவிட்டு மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறையில் வேலை செய்யும் ஸ்பீச் தெரபிஸ்ட்மார் (பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளர்) வெளிநாட்டுப் பதிவு பற்றி யோசித்தால் முதலில் கண்ணில் படுபவை இரண்டு: பிரித்தானியாவில் சுகாதாரத் தொழில்களைப் பதிவு செய்யும் சபையான எச்.சி.பி.சி.யின் பதிவும், அமெரிக்காவின் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கமான ஆஷா வழங்கும் சி.சி.சி. என்ற தொழில் தகைமைச் சான்றிதழும். சம்பளம், குளிர், சொந்தக்காரர் எங்கே இருக்கிறார்கள் என்பதெல்லாம் அவரவர் பாடு. நான் எடுத்தது எச்.சி.பி.சி. பக்கம், இந்த அலசலும் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

அமெரிக்காவுக்கு இளமாணிப் பட்டம் போதாது, முதுமாணி வேண்டும். கேட்கும் 400 கிளினிக் மணித்தியாலத்தில் 325 அந்த முதுமாணிப் படிப்புக்குள்ளேயே செய்தவையாக இருக்க வேண்டும். அதனால் இங்கே வார்டில் செய்த பயிற்சியில் பெரும்பகுதி அங்கே கணக்கில் ஏறாது. அதன்பிறகு பிராக்ஸிஸ் என்ற தொழில் அறிவுப் பரீட்சையில் 162 புள்ளி, பிறகு குறைந்தது 36 வாரம், 1,260 மணித்தியாலம் மேற்பார்வையில் வேலை. இவ்வளவும் முடித்துக் கையில் வரும் சி.சி.சி. வேலை செய்வதற்கான உரிமம் அல்ல. அதை மாநில அரசிடம் தனியாக எடுக்க வேண்டும்.

எச்.சி.பி.சி. இளமாணிப் பட்டத்தையே ஏற்கிறது. படித்ததையும் வேலை அனுபவத்தையும் தங்கள் தகுதித் தராதரங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இடைவெளி தெரிந்தால் மேலதிக விபரமோ தேர்வோ கேட்பார்கள். இங்கே பெரிய தடை ஆங்கிலம்தான். பிஸியோதெரபிஸ்டுக்கு ஐ.ஈ.எல்.ரீ.எஸ். ஆங்கிலப் பரீட்சையில் 7.0 போதும், எங்களுக்கு மொத்தம் 8.0, எந்தப் பகுதியிலும் 7.5-க்குக் குறையக் கூடாது. எழுத்துப் பகுதிதான் காலை வாரும்.

விண்ணப்பத்தில் அனுபவத்தை எழுதும் விதத்திலும் சறுக்கலாம். "பக்கவாத நோயாளிக்கு விழுங்கல் சிகிச்சை கொடுத்தேன்" என்றால் மதிப்பிடுபவருக்கு ஒன்றும் தெரியாது. நிமிர்த்தி இருத்திவிட்டு 5 மில்லிலீற்றர் தண்ணீர் கரண்டியால் கொடுத்தது, இருமலும் ஈரக்குரலும் (தொண்டையில் தண்ணீர் தங்கியது போன்ற குரல்) வந்ததா என்று பார்த்தது, திரவத்தின் தடிப்பை மாற்றியது, அதைத் தாதிக்கும் மனைவிக்கும் காட்டிக்கொடுத்தது என்று ஒவ்வொரு முடிவையும் காரணத்தோடு எழுத வேண்டும்.

என் கணக்கில் தீர்மானிக்கிற விஷயம், எடுத்த பதிவை உயிரோடு வைத்திருப்பது. ஊருக்குத் திரும்பி வர நினைப்பவர் இதை முதலில் பார்க்க வேண்டும். சி.சி.சி.க்கு மூன்று வருடத்துக்கு 30 மணித்தியாலத் தொடர்கல்வி. ஒன்லைனில் சேர்த்துவிடலாம், அது பாரமில்லை. ஆனால் மாநில உரிமத்துக்குத் தனிப் புதுப்பித்தல், தனிக் கட்டணம். விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எச்.சி.பி.சி.யில் ஒரே பதிவு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தல். மணித்தியாலக் கணக்கே கிடையாது. பலவிதமாகக் கற்றதும் அதனால் நோயாளிக்குக் கிடைத்த பயனும் நாமே எழுதி வைக்கும் பதிவேட்டில் இருந்தால் சரி. வார்டில் தாதியருக்கு நடத்திய வகுப்பு, மட்டக்களப்புப் பேச்சுவழக்குக்கு ஏற்ற படச்சொல் பட்டியல் தயாரித்தது எல்லாம் அதில் சேரும். புதுப்பிக்கும்போது 2.5 வீதமானவர்களைத் தெரிந்தெடுத்து ஆதாரம் கேட்பார்கள். திகதி போடாமல் மொத்தமாகக் கடைசி வாரத்தில் எழுதியவர் அப்போதுதான் மாட்டுவார். மட்டக்களப்பில் இருந்து செய்யும் வேலையும் தொழில் செய்வதாகவே எண்ணப்படும். இரண்டு முதல் ஐந்து வருடம் வேலையை விட்டிருந்தால் 30 நாள், அதற்கு மேல் போனால் 60 நாள் அறிவைப் புதுப்பித்துக் காட்ட வேண்டும்.

ஒடியோலஜிஸ்ட்மாருக்கு (செவித்திறன் பரிசோதிப்பவர்கள்) இந்தச் சாய்வு அப்படியே பொருந்தாது. "ஒடியோலஜிஸ்ட்" என்ற பெயரைப் பதிவு செய்தவர்தான் பாவிக்கலாம் என்று எச்.சி.பி.சி. பாதுகாப்பதில்லை, காது கேட்கும் கருவி வழங்குநர் என்ற பெயருக்குத்தான் பதிவு உண்டு. அமெரிக்காவிலோ கலாநிதி மட்டப் பட்டம் இல்லாமல் சி.சி.சி. இல்லை.

எந்தப் பக்கம் போனாலும் பெயரை முதலில் சரிபாருங்கள். பட்டச் சான்றிதழில் தகப்பன் பெயர் முதலெழுத்தாக, கடவுச்சீட்டில் முழுதாக, தமிழில் உள்ள பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் வேறு எழுத்துக்கூட்டலோடு இருப்பது எங்கள் பக்கம் சாதாரணம். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே போடச் சொல்லுங்கள். பட்டச் சான்றிதழ் வித்தியாசத்துக்கு சத்தியக்கடதாசி ஒன்றும் கையில் இருக்கட்டும்.