ஃபேர் நோட்டா, மூடிவைத்த புத்தகமா? பி.எஸ்சி. படிப்புக்கு எது கைகொடுக்கும்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கல்லூரிகளில் அறிவியல் படிக்கும் பிள்ளைகளிடம் இரண்டு பழக்கங்களைப் பார்க்கலாம். வகுப்பில் கிறுக்கியதை ஃபேர் நோட்டில் அழகாகப் படியெடுத்து, ஹைலைட்டர் பூசி, பரீட்சை வரை வாசித்துக்கொண்டே இருப்பது ஒன்று. புத்தகத்தை மூடிவைத்து, நினைவில் உள்ளதை வெற்றுத்தாளில் எழுதி, பிறகு திறந்து பார்த்துத் திருத்துவது இன்னொன்று. வேதியியல் படித்த நான் முதலாண்டில் முதல் வழியில் போனேன். இரண்டாமாண்டில் அடுத்ததற்கு மாறினேன். என் ஓட்டு இரண்டாவதற்குத்தான்.

செலவில் பெரிய வித்தியாசமில்லை. பார்க்க ஃபேர் நோட்டுதான் அழகு, நண்பர்களும் செராக்ஸ் எடுக்கக் கேட்பார்கள். ப்ராக்டிகல் முடிந்து பஸ் பிடித்து வீடு சேர்கிற நாளில் படியெடுக்க உட்கார முடியாது, அது சேர்ந்துபோகும். தாளில் எழுதிப்பார்க்கக் கால் மணி நேரம் போதும்.

ஆனால் முடிவு செய்ய வேண்டியது இதையெல்லாம் வைத்து அல்ல. படித்தது எத்தனை நாள் நிற்கும் என்பதுதான் கேள்வி. அறிவியலில் ஒரு செமஸ்டரோடு எதுவும் முடிவதில்லை. வெப்ப இயக்கவியலில் படித்த கிப்ஸ் ஆற்றல், மின்வேதியியலில் மின்கலத்தின் மின்னழுத்தத்தைக் கணக்கிடும் நெர்ன்ஸ்ட் சமன்பாடாகத் திரும்பி வரும். எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம் நுழைவுத்தேர்வு எழுதினால் மூன்றாண்டுப் பாடமும் ஒரே நாளில் எதிரே நிற்கும். மறந்திருந்தால் முதலிலிருந்து படிக்க வேண்டியதுதான்.

இதை 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்தே சோதித்தார்கள். ஒரு பத்தியை மறுபடி வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 81 சதவீதம் நினைவுகூர்ந்தார்கள். வாசித்தபின் நினைவிலிருந்து எழுதிப்பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் போனதும் கணக்கு தலைகீழானது: வாசித்தவர்கள் 42, எழுதியவர்கள் 56. பரீட்சைக்கு முந்தின இரவு வாசிப்பது பலன் தருவதுபோலத் தெரிவதும், அடுத்த செமஸ்டரில் கை விரிப்பதும் இதனால்தான்.

நெர்ன்ஸ்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டைப் புரட்டினால் அந்தச் சமன்பாட்டில் வரும் 0.0591 என்ற எண் மனதில் ஒட்டிக்கொள்ளும். மூடிவைத்து டெரிவேஷன் எழுதும்போதுதான் அது எங்கிருந்து வந்தது என்று நம்மை நாமே கேட்போம். 2.303, வாயு மாறிலி 8.314, வெப்பநிலை 298 கெல்வின் மூன்றையும் பெருக்கி, ஃபாரடே மாறிலி 96,485ஆல் வகுத்தால் வருவது அது. 308 கெல்வினில் கேட்டால் 0.0611 ஆகிவிடும். உருப்போட்டவர் அங்கே பழைய எண்ணையே போட்டு மார்க்கை விடுவார். 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இதே காரைக்குடியில்தான் இருக்கிறது. அதன் வாசல் வழியே தினமும் போகிற பிள்ளைகள் இந்தப் பாடத்தை மொட்டை மனப்பாடமாக விட்டுவிடக் கூடாது என்று மனதார நினைக்கிறேன்.

இன்னொரு நன்மை, தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வந்தவர்களுக்கு. ஃபேர் நோட்டில் ஆங்கில வாக்கியம் கை வழியாகவே போய்விடும், புத்திக்கு எட்டாது. வெற்றுத்தாளில் முதலில் தமிழிலேயே எழுதலாம்: எது கூடுகிறது, எது குறைகிறது, ஏன். புரிந்தபின் பரீட்சைக்கான ஆங்கிலச் சொற்களைப் பொருத்திக்கொள்ளலாம். கூட்டாளி இருந்தால் எழுதக்கூட வேண்டாம். முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து, "புத்தகத்த மூடிட்டுச் சொல்லு பாப்போம்" என்றால் போதும்.

கரிம வேதியியலில் வினைவழிமுறைகளுக்கு ஃபேர் நோட்டையும் வைத்திருந்தேன். எலக்ட்ரான் நகர்வைக் காட்டும் அம்புக்குறிகளைச் சரியாகப் போட்ட ஒரு நல்ல படி திருத்திப் பார்க்கத் தேவைப்படுகிறது. தாவரவியல், விலங்கியலில் படமும் பெயரும் மிகுதி. அங்கே இந்த முறை எவ்வளவு உதவும் என்பதை அந்தத் துறை சீனியர்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது. கணிதத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, தீர்த்த கணக்கை வாசிப்பதால் கணக்கு வராது.

மாற நினைப்பவர்கள் புதுப் பாடத்தில் தொடங்க வேண்டாம். போன செமஸ்டர் வினாத்தாளை எடுத்து, ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்றை இன்று எதையும் பார்க்காமல் எழுதுங்கள். விடுபட்ட வரிகளைச் சிவப்பு மையில் நிரப்பி, அதே கேள்வியை அடுத்த வாரம் மறுபடி எழுதுங்கள்.