எழும்பூர் டிராவல்ஸ்: இனிஷியலைக் கூட விடாமல் பார்த்தார்கள்

2021 நவம்பர் கடைசியில் கம்பெனி வேலையாக சிங்கப்பூர் போக வேண்டியிருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்களுடையது சின்ன ஒர்க்‌ஷாப், வாங்கப்போகும் மெஷினை நேரில் பார்க்காமல் அட்வான்ஸ் கட்ட மனசு வரவில்லை. கொரோனா தடுப்பூசி போட்டவர்களைத் தனிமைப்படுத்தாமல் உள்ளே விடும் சிறப்பு விமானங்களை சிங்கப்பூர் நவம்பர் 29 முதல்தான் நமக்குத் திறந்தது, சென்னையும் அதில் இருந்தது. டிக்கெட்டை நானே ஆன்லைனில் போடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் தெரிந்தவர் ஒருவரை டெஸ்ட் ரிப்போர்ட் சரியில்லை என்று செக்-இன் கவுண்டரிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள், அதைக் கேட்ட பயத்தில்தான் இந்த டிராவல்ஸுக்கு வந்தேன்.

உரிமையாளர் முதலில் டிக்கெட்டைப் பற்றிப் பேசவே இல்லை. பாஸ்போர்ட்டையும், தடுப்பூசி போட்டதற்கான கோவின் சான்றிதழையும் அருகருகே வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். சான்றிதழில் ஆதாரில் உள்ளபடி வெறும் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர். நம் ஊரில் பாதிப் பேருக்கு இதே நிலைமைதான், ஆனால் வெளிநாட்டுக் கவுண்டரில் இருப்பவருக்கு இனிஷியல் என்றால் என்ன தெரியும்? "பெயரை ஒரே ஒரு தடவைதான் மாத்த விடுவாங்க சார், நிதானமா அடிங்க" என்று தன் கம்ப்யூட்டரிலேயே உட்காரவைத்துச் சான்றிதழில் திருத்தவைத்தார், பாஸ்போர்ட் எண்ணையும் சேர்க்கவைத்தார். அப்புறம்தான் சிங்கப்பூர் அனுமதிக்கு விண்ணப்பம், கோவிட் செலவுக்குக் குறைந்தது 30,000 சிங்கப்பூர் டாலர் தரும் இன்சூரன்ஸ், கிளம்புவதற்கு 2 நாளுக்குள் எடுக்க வேண்டிய டெஸ்ட் எல்லாம்.

நான் நவம்பர் 30 கிளம்பினேன். மறுநாளே, ஒமிக்ரான் என்ற புது வகை கொரோனா காரணமாக இந்தியா போட்ட புது விதி அமலுக்கு வந்தது, அபாய நாடுகள் பட்டியலில் சிங்கப்பூரும் இருந்தது. எனக்கு அது தெரியவே தெரியாது, ராத்திரி 11 மணிக்கு இவரே வாட்ஸ்அப்பில் கூப்பிட்டுச் சொன்னார். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் விவரம் பதியும் ஏர் சுவிதா வெப்சைட்டில் 14 நாள் பயண விவரத்தையும் 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் ரிப்போர்ட்டையும் ஏற்ற வேண்டும், மீனம்பாக்கத்தில் இறங்கியதும் இன்னொரு டெஸ்ட், ரிசல்ட் வரும்வரை வெளியே விடமாட்டார்கள், நெகட்டிவ் என்றாலும் 7 நாள் வீட்டில் இருந்து 8ஆம் நாள் மறுபடி டெஸ்ட் என்றார். "சாப்பிட ஏதாவது கையில வச்சுக்குங்க சார்" என்றும் சொன்னார். அந்த ஒரு போன் வராமல் இருந்திருந்தால், திரும்பிய மறுநாளே ஒர்க்‌ஷாப்பில் போய் நின்றிருப்பேன், அங்கே வயதானவர்கள் 2 பேர் வேலை செய்கிறார்கள்.

குறையும் உண்டு. சர்வீஸ் சார்ஜ் எவ்வளவு என்று முன்னாலேயே சொல்லவில்லை, பில் வந்த பிறகுதான் தெரிந்தது. தொகை அதிகம்தான். செய்த வேலைக்குத் தகும், ஆனாலும் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மதியத்துக்கு மேல் கடை போனை யாரும் எடுப்பதில்லை, அதனால் ஒரிஜினல் பாஸ்போர்ட்டோடு காலையிலேயே நேரில் போய்விடுங்கள்.