ஹனுக்கா வீட்டில்: எதைச் செய்வது, எதை வாங்குவது?

யூதர்களின் எட்டு நாள் விளக்குத் திருவிழாவான ஹனுக்காவில் ஒப்பீட்டு வாதம் புதிதல்ல. ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஷம்மாய், ஹில்லேல் என்ற இரு யூத மத அறிஞர்களின் வழியினர் விளக்கை எப்படி ஏற்றுவது என்று மோதிக்கொண்டார்கள். முதல் இரவு எட்டு விளக்கு ஏற்றி, நாளுக்கொன்றாகக் குறைக்க வேண்டும் என்றது ஷம்மாய் தரப்பு. ஒன்றில் தொடங்கி எட்டுவரை கூட்ட வேண்டும் என்றது ஹில்லேல் தரப்பு. நிலைத்தது ஹில்லேல் வழிதான். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அதைவிடப் பொருத்தமானது வேறில்லை: நாளை இன்னொரு சுடர் கூடும் என்று காத்திருக்க ஒரு காரணம் கிடைக்கிறது.

கைவேலை, சமையல் இரண்டிலும் நான் வைக்கும் அளவுகோல் ஒன்றே. குழந்தை கை வைத்த பொருள் அன்றிரவே பயன்பட வேண்டும். அலமாரியில் பார்வைக்கு நிற்கும் பொருளுக்கு நான் இரண்டாம் இடம்தான் தருவேன்.

முதலில் விளக்கு. கி.மு. 164-இல் மக்கபேயர்கள் என்ற யூதக் கிளர்ச்சியாளர்கள் எருசலேம் ஆலயத்தை மீட்டுத் தூய்மைப்படுத்தியபோது, ஒரு நாளுக்கே போதுமான எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்கிறது யூத சமய நூலான தல்மூத். ஆகவே ஆலிவ் எண்ணெயும் பஞ்சுத் திரியும் கதைக்கு மிக நெருக்கமானவை. ஆனால் சிறு கண்ணாடிக் குப்பிகளில் எண்ணெய் ஊற்றுவதும், மறுநாள் பிசுக்கைத் துடைப்பதும் பெரியவர்கள் வேலை. மெழுகுவத்தி என்றால் சிறுவர்கள் நேரடியாக இறங்கலாம். அதிலும் தேன்மெழுகுத் தாள் வாங்கிச் சுருட்டுவதை நான் முதலிடத்தில் வைப்பேன். அடுப்பு வேண்டாம், உருக்க வேண்டாம். தாளின் ஓரத்தில் திரியை வைத்து, கட்டைவிரலால் அழுத்தி மடித்து, இறுக்கமாக உருட்டினால் போதும்; கைச்சூட்டிலேயே மெழுகு ஒட்டிக்கொள்ளும். தளர்வாகச் சுருட்டியது மட்டும் சீக்கிரம் எரிந்து ஒழுகிவிடும்.

கடைப் பெட்டியில் 44 மெழுகுவத்திகள் இருக்கும்: எட்டு இரவுகளுக்கு 36, மற்றவற்றை ஏற்றும் ஷமாஷுக்கு இரவுக்கு ஒன்றாக 8. அஷ்கெனாசி (ஐரோப்பிய மரபு யூதர்) வீடுகள் பலவற்றில் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஏற்றுவார்கள். மூன்று குழந்தைகள் என்றால் 132 வேண்டும். அத்தனையையும் வீட்டில் சுருட்டிக்கொண்டிருக்க முடியாது. வெள்ளிக்கிழமைக்கு மட்டுமாவது சுருட்டுங்கள். அன்று சப்பாத் எனும் வார ஓய்வு நாள் தொடங்குமுன்பே ஏற்றி, இருட்டிய பிறகும் அரை மணி நேரம் எரிய வேண்டும். கடையின் மெல்லிய வத்தி பெரும்பாலும் அதுவரை தாங்காது. வீட்டில் சற்றுத் தடிமனாகச் சுருட்டியது தாங்கும்.

விளக்குத்தண்டைக் களிமண்ணில் செய்யலாம், அல்லது உலோகப் பட்டையில் இரும்பு நட்டுகளை ஒட்டியும் செய்யலாம். எட்டும் ஒரே உயரத்தில், ஒரே வரிசையில் நிற்க வேண்டும்; ஷமாஷுக்கு மட்டும் தனி இடம். மரத்தில் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வத்தி அடிவரை எரியும்போது மரமும் பற்றிக்கொள்ளும். மின்விளக்குத் தண்டு, தீ ஏற்ற அனுமதியில்லாத மருத்துவமனைக்கும் விடுதி அறைக்கும் உதவும். ஆனால் அதன்மேல் ஆசி சொல்வதைப் பல ரபிகள் (யூத மதகுருக்கள்) ஏற்பதில்லை.

நான்கு பக்கங்களிலும் எபிரேய எழுத்து உள்ள ட்ரெய்டல் பம்பரத்தை மட்டும் கடையில் வாங்கிவிடுங்கள். களிமண் பம்பரம் காய நாளாகும். காய்ந்தாலும் எடை ஒரு பக்கம் சாய்ந்து, சுழலாமல் விழும். மரப் பம்பரம் அன்றிரவே சுற்றும். நூன் என்ற எழுத்து விழுந்தால் ஒன்றுமில்லை, கிமெல் என்றால் நடுவே சேர்ந்த பொதுப் பந்தயம் முழுவதும், ஹே என்றால் பாதி, ஷின் என்றால் ஒன்று போட வேண்டும். இஸ்ரேலில் ஷின்னுக்குப் பதில் பே இருக்கும். பந்தயத்துக்கு சாக்லேட் காசு.

இனி எண்ணெய்ச் சட்டி. லாட்கே என்ற பொரித்த அடையா, சுஃப்கானியா என்ற டோனட்டா? உருளைக்கிழங்கு லாட்கே கிழக்கு ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டில் பரவியது. ஜாம் நிறைத்த சுஃப்கானியாவை இஸ்ரேலில் பரப்பியதில் ஹிஸ்டாட்ருட் தொழிற்சங்கத்துக்குப் பங்குண்டு. பேக்கரிகளுக்கு வேலை கிடைக்கட்டும் என்று 1920-களில் அதை ஊக்குவித்தது. அதாவது பிறப்பிலேயே அது கடைப் பண்டம். மாவு இருமுறை உப்ப வேண்டும், எண்ணெய் 170 டிகிரிக்கு அருகிலேயே நிற்க வேண்டும். சூடு மிஞ்சினால் வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும். குழந்தைக்கு மிஞ்சுவது ஜாம் பிதுக்குவதும் சர்க்கரை தூவுவதும்தான்.

லாட்கேவில் வேலைக்குப் பஞ்சமில்லை. ஒரு கிலோ உருளைக்கிழங்கையும் ஒரு பெரிய வெங்காயத்தையும் துருவி, மெல்லிய துணியில் கட்டிப் பிழிய வேண்டும். இந்தப் பிழிதலில்தான் மொறுமொறுப்பு இருக்கிறது. வடிந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். பத்து நிமிடம் வைத்தால் அடியில் வெள்ளையாக மாவுச்சத்து படியும். மேல்நீரை இறுத்துவிட்டு அதைத் துருவலிலேயே சேருங்கள். இரண்டு முட்டை, மூன்று நான்கு கரண்டி மாவு, உப்பு. தட்டையாகப் பரப்பி, அரை விரல் ஆழ எண்ணெயில் பொரித்தால் ஓரம் சிவந்து வரும். பொரிப்பது மட்டும் பெரியவர் பொறுப்பு. என் ஓட்டு லாட்கேவுக்கே. சுஃப்கானியாவை ஒரு மாலை பேக்கரியிலிருந்து வாங்கிக்கொள்ளலாம். இரண்டும் வேண்டாம் என்பவர்கள் கொச்சி யூதர்களைப் பின்பற்றி நெய்யப்பம் சுடலாம். அரிசியும் வெல்லமும் நமக்குக் கைவந்தவை.

தொட்டுக்கொள்ள ஆப்பிள் மசியலா, புளிப்புப் பாலேடா என்ற சண்டை லாட்கேவோடு கூடவே வரும். இரவு உணவில் இறைச்சி இருந்தால் கோஷர் என்ற யூத உணவு விதிப்படி பாலேடு கூடாது. ஆப்பிள் மசியல் எந்த உணவோடும் சேரும், முந்தின நாளே செய்தும் வைக்கலாம். ஆப்பிளை நறுக்கும் வேலையைச் சற்று வளர்ந்த பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.