பேஸ் அடிக்க நோட்டேஷன் தெரியோணுமா? காது, நம்பர், டேப், நோட்டேஷன் நாலையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாத்தா

போன கிழமை ஒரு தம்பி கேட்டான், "அண்ணா, பேஸ் கிட்டார் வாங்கி எட்டு மாசமாச்சு, ஒரு பேண்டில சேரலாம் எண்டு நினைக்கிறன், ஆனா எனக்கு நோட்டேஷன், அதான் அஞ்சு கோட்டில ஸ்வரம் எழுதுற முறை, ஒண்டும் வாசிக்கத் தெரியாது, சேர்ப்பாங்களா?" சேர்ப்பாங்கடா எண்டு சொன்னன். ஆனா அது அரைவாசிப் பதில் தான், ஏனெண்டா எந்த பேண்ட், அங்க என்ன பாட்டு, பாட்டை எப்பிடி கையில தருவாங்க எண்டதைப் பொறுத்து பதில் மாறும். மிச்ச அரைவாசியை இஞ்ச எழுதுறன்.

முதல்ல திருகோணமலையில பேஸ்காரனுக்கு என்ன வேலை இருக்கு எண்டு பாப்பம். சீசன் நேரம், மே மாதத்தில இருந்து செப்டெம்பர் வரைக்கும் எண்டு வைப்பமே, உப்புவெளி நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்களில இங்கிலீஷ் பாட்டும் பைலாவும் (இலங்கை ஆட்டப் பாட்டு) கேப்பாங்க. கலியாண வீடு, பிறந்தநாள் எண்டா சினிமாப் பாட்டோட பைலா. கோயில் திருவிழாவுக்கு இசைக்குழு, அதில பக்திப் பாட்டும் பழைய பாட்டும். டிசம்பர் மழைக்குள்ள சேர்ச்சில கேரல். பிறகு பள்ளிக்கூட பித்தளை வாத்திய பேண்ட், நேவி பேண்ட் மாதிரி ஆக்கள், அவங்க தாளை வச்சு வாசிக்கிறவங்க, ஆனா அங்க பேஸ் கிட்டாருக்கு இடம் குறைவு. ஆக நோட்டேஷன் தெரியாட்டி உள்ளுக்க போக ஏலாது எண்ட இடம் எங்கட ஊரில மிச்சம் குறைவு. சேர்ச் மட்டும் கொஞ்சம் வேற கதை, அதுக்கு பிறகு வாறன்.

காதால பிடிக்கிறது தான் இஞ்ச கனபேர்ட வழி. அதைக் குறைவா நினைக்க வேணாம். பீட்டில்ஸ்ட பேஸ்காரர் போல் மெக்கார்ட்னி தனக்கு நோட்டேஷன் வாசிக்கவோ எழுதவோ தெரியாது எண்டு அவரே பலமுறை சொல்லியிருக்கிறார், அவர்ர பேஸைக் கேட்டு உலகத்தில எத்தனை பேர் பேஸ் தூக்கினாங்க. மற்றப் பக்கம் பேஸ்காரி கரோல் கே, 1960களில லொஸ் ஏஞ்சலிஸ் ஸ்டூடியோக்களில தாளைப் பாத்து உடன அடிச்சுக் குடுத்தவ, ஸ்டூடியோ வேலை எண்டா அப்பிடித்தான், ரிகர்சலுக்கு நேரம் தரமாட்டாங்க. எங்கட இளையராஜாவும் ஸ்டாஃப் நோட்டேஷன் எழுதி வாத்தியக்காரர் கையில குடுக்கிறவர். ரெண்டு பக்கத்திலயும் பெரிய ஆக்கள் இருக்கிறாங்க, அதால பெரிய ஆக்கள்ர பேரைச் சொல்லி இந்தக் கேள்வியை முடிக்க ஏலாது, எங்கட பேண்ட் எப்பிடி வேலை செய்யுது எண்டு தான் பாக்கோணும்.

காதால பிடிக்கிறதில பேஸுக்கெண்டே ஒரு தனிக் கஷ்டம் இருக்கு. பேஸ்ட நாலு கம்பியும் ஈ, ஏ, டி, ஜி. ஆகத் தடிச்ச ஈயை விரல் வைக்காம, அதாவது திறந்து, அடிச்சா 41 ஹெர்ட்ஸ் அளவில அதிருது. ஃபோன் ஸ்பீக்கரில அந்தச் சத்தம் வரவே வராது, அதுக்கு மேல உள்ள கிளைச் சத்தங்களை வச்சு மூளை ஊகிச்சுக் கொள்ளும், அவ்வளவு தான். ஃபோனை மேசையில வச்சுப் போட்டு "பேஸ் கேக்குதில்ல, எனக்கு காது இல்ல" எண்டு மனம் உடையிற பெடியளைப் பாத்திருக்கிறன். காதில பிழை இல்ல தம்பி. ஹெட்ஃபோனைப் போடு, யூடியூபில வேகத்தை 0.75க்கு இறக்கு, முதல்ல கிக் ட்ரம் (காலால அடிக்கிற பெரிய ட்ரம்) எங்க விழுது எண்டு மட்டும் கேள், அதோட ஒட்டிக்கொண்டு வாற சத்தம் தான் உன்ட வேலை.

ஆனா காது மட்டும் எண்டு நிண்டா எங்க அடி விழும் எண்டதை நான் உப்புவெளியில ஒரு ராத்திரி பட்டுத் தெரிஞ்சுகொண்டன். பாட்டு ஈயில, நான் வீட்டில கேட்டுக் கேட்டுப் பிடிச்சது, முழுக்க திறந்த ஈ கம்பியை நம்பி அடிக்கிற லைன். பாட ரெண்டு நிமிசம் இருக்கேக்க பாடுறவர் திரும்பி "தொண்டை சரியில்ல, அரைக் கட்டை இறக்குங்க" எண்டார். கீபோட்காரர் ட்ரான்ஸ்போஸ் பட்டனை ஒருக்கா அமத்தினார், அவர்ர வேலை முடிஞ்சுது. எனக்கு அப்பிடி ஒரு பட்டன் இல்ல. ஈ ஃப்ளட் (ஈக்கு அரைச் சுரம் கீழ) எண்டா நாலு கம்பி பேஸில திறந்த ஈக்கும் கீழ போகுது, அந்த ஸ்வரமே அங்க இல்ல, ஏ கம்பியில 6ஆவது ஃப்ரெட்டுக்கு (கழுத்தில விரல் வைக்கிற கட்டம்) போய் ஒரு ஸ்தாயி மேல அடிக்கோணும். அது அந்த நேரம் எனக்கு ஓடேல்ல. வழமையா நான் தடுமாறினா கீபோட்காரர்ர இடக்கையைப் பாத்து ரூட்டை (கோர்ட் எண்ட ஸ்வரக் கூட்டத்திட அடிப்படை ஸ்வரத்தை) பிடிப்பன், அண்டைக்கு அதுவும் ஏமாத்திச்சு, ஏனெண்டா அவர்ர விரல் ஈயில இருக்கு, ஸ்பீக்கரில வாறது ஈ ஃப்ளட். முதல் சரணம் முழுக்க ஒரு ஃப்ரெட் மேல நிண்டு அடிச்சன். ட்ரம்ஸ் அண்ணா என்னைப் பாத்த பார்வை இப்பவும் ஞாபகம் இருக்கு.

நோட்டேஷன் தெரிஞ்சிருந்தா அண்டைக்குத் தப்பியிருப்பனா? இல்ல. தாள் ஈயில தானே எழுதியிருக்கும், அதைப் பாத்துக்கொண்டே மனசுக்குள்ள அரைச் சுரம் இறக்கிறது பழகின ஆக்களுக்கே பாரம். என்னைக் காப்பாத்தியிருக்கக் கூடியது நம்பர். நாஷ்வில் ஸ்டூடியோக்களில 1950களின் கடைசியில இருந்து பாவிக்கிற முறை இது, கோர்ட்ட பேரை எழுதாம ஸ்கேலில அது எத்தனையாவது எண்டு எழுதுறது, 1, 6, 4, 5 எண்டு. ஈயில இருந்தா என்ன, ஈ ஃப்ளட்டில இருந்தா என்ன, தாள் மாறாது. எங்களுக்கு இது புதுசு கூட இல்ல. ஸ ரி க ம பாடிப் பழகின எந்தப் பிள்ளைக்கும் ஸ எங்க வச்சாலும் ப அதில இருந்து அஞ்சாவது எண்டு தெரியும், சுதி மாறினா ஸ மாறும், உறவு மாறாது. அதே தான் இது.

அதிலயும் பேஸ் இருக்கே, நம்பருக்கெண்டே செஞ்ச மாதிரி ஒரு வாத்தியம். ஆறு கம்பி கிட்டாரில ஜிக்கும் பிக்கும் நடுவில இடைவெளி வேற மாதிரி இருக்கும், ஒரு ஷேப் கம்பி தாண்டேக்க உடையும். பேஸில நாலு கம்பியும் ஒரே இடைவெளி. 1 ஏ கம்பியில எங்க இருந்தாலும் 4 அதே ஃப்ரெட்டில அடுத்த மெல்லிய கம்பியில, 5 அதே ஃப்ரெட்டில தடிச்ச கம்பியில, 6 அந்தத் தடிச்ச கம்பியிலயே ரெண்டு ஃப்ரெட் மேல. கையை அப்பிடியே ஒரு ஃப்ரெட் பின்னால இழுத்தா பாட்டு முழுக்க இறங்கிடும். ஒரு நிபந்தனை தான், திறந்த கம்பியை விட்டுப் போட்டுப் பழகோணும்.

கட்டைக் கணக்கையும் சேத்துப் படிக்கோணும், ஏனெண்டா எங்கட பாட்டுக்காரர் யாரும் "ஈ ஃப்ளட்" எண்டு சொல்லமாட்டாங்க, "ரெண்டரைக் கட்டை" எண்டு தான் சொல்லுவாங்க. ஹார்மோனியத்தில வெள்ளைக் கட்டையை எண்ணினா சரி: 1 சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. கறுப்பு எல்லாம் அரை. பொதுவா அரைக் கட்டை எண்டா ஒரு ஃப்ரெட், ஆனா 3ல இருந்து 4க்குப் போறதும் 7ல இருந்து மேல் 1க்குப் போறதும் பேருக்கு ஒரு கட்டை, விரலுக்கு ஒரு ஃப்ரெட் தான், நடுவில கறுப்பு இல்ல. இதில இடறுற ஆக்கள் கனபேர். கோயில் இசைக்குழுவில முதல் நாள் உன்னட்ட யாரும் நோட்டேஷன் தெரியுமா எண்டு கேக்கப்போறதில்ல, "தம்பி அஞ்சு கட்டை" எண்டு சொல்லிப்போட்டு ஆரம்பிச்சிடுவாங்க.

டேப் பற்றி கன நேரம் கதைக்கிறதுக்கு இல்ல. நாலு கோடு, நாலு கம்பி, எந்த ஃப்ரெட் எண்டு நம்பர். படிக்க பத்து நிமிசம் காணும், ஒரு கஷ்டமான ஃபில்லை (இடையில நிரப்புற குட்டி ஓட்டத்தை) எந்த இடத்தில பிடிக்கிறது எண்டு காட்டுறதுக்கு நல்லது, நோட்டேஷன் அதைச் சொல்லாது, ஏனெண்டா ஒரே ஜியை நீ திறந்தும் அடிக்கலாம், டி கம்பியில 5லயும், ஏயில 10லயும் அடிக்கலாம். ஆனா இணையத்தில கிடைக்கிற டேப் கனக்கில எவ்வளவு நேரம் பிடிக்கோணும், எங்க நிப்பாட்டோணும் எண்டது இருக்காது, பேஸில அது தான் பாதி வேலை. தமிழ்ப் பாட்டுக்கு பேஸ் டேப் தேடினாலும் குறைவாத்தான் கிடைக்கும். ரிகர்சலில யாரும் டேப் தரவும் மாட்டாங்க. வீட்டில வச்சுக்கொள்.

இப்ப நோட்டேஷன். நான் இதைப் படிக்கத் தொடங்கினது சேர்ச்சில. கேரல் ப்ராக்டிஸ், வெளியில மழை கொட்டுது, நான் கோர்ட் தாளைப் பாத்து சி, ஜி, ஏ மைனர் எண்டு ரூட்டை அடிக்கிறன், ஒரு பிழையும் இல்ல எண்டு தான் நினைச்சன். கீபோடில இருந்த சிஸ்டர் நிப்பாட்டினா. "தம்பி, ரெண்டாவது கோர்ட்டில நீங்க ஜி அடிக்கிறீங்க, என்ட இடக்கையில பி போகுது, கீழ கலங்குது, கேக்குதா?" திரும்ப அடிச்சம். கேட்டுது. ரெண்டு சத்தமும் ஜி கோர்ட்டுக்குள்ள உள்ளது தான், ஆனா அவ்வளவு கீழ ரெண்டும் பக்கத்தில பக்கத்தில நிண்டா குழம்பு மாதிரி ஆகிடும். அவ ஞானப்பாட்டு நோட்டேஷன் புத்தகத்தைத் திருப்பி கீழ்க் கோடுகளில அடியில இருந்த ஸ்வரங்களை விரலால காட்டினா: சி, பி, ஏ, படிக்கட்டு இறங்குற மாதிரி. பாட்டு எழுதினவர் பேஸுக்கெண்டு ஒரு மெட்டே போட்டு வச்சிருக்கிறார், நான் அதை விட்டுப்போட்டு ரூட்டை அடிச்சுக்கொண்டு இருந்திருக்கிறன். கோர்ட் தாளில ஜி/பி (ஜி கோர்ட், அடியில பி) எண்டு எழுதியிருந்தா பிடிச்சிருக்கலாம், கனபேர் அந்தச் சாய்வுக்கோட்டை விட்டுடுவாங்க.

அண்டைக்குத் தான் விளங்கினது, நோட்டேஷன் பழக பேஸ்காரனுக்கு இதைவிட வாய்ப்பான புத்தகம் இல்ல. நாலு குரலில எழுதின ஞானப்பாட்டில ஆகக் கீழ் வரி முழுக்க உன்னுடையது. கனக்க ஓடாது, அநேகமா ஒரு அடிக்கு ஒரு ஸ்வரம், பெரும்பாலும் முதல் 5 ஃப்ரெட்டுக்குள்ள முடிஞ்சிடும். பேஸ் எழுதினதை விட ஒரு ஸ்தாயி கீழ கேக்கும், அதால ஆம்பிளைக் குரலுக்குக் கீழ நிண்டு ஓர்கன் பெடல் செய்யிற வேலையைச் செய்யும். நாலு திறந்த கம்பியை அந்தக் கீழ்க் கோடுகளில முதல்ல அடையாளம் பிடி: ஈ அஞ்சு கோட்டுக்கும் கீழ ஒரு சின்னக் கோட்டில, ஏ ஆகக் கீழ் இடைவெளியில, டி நடுக்கோட்டில, ஜி ஆக மேல் இடைவெளியில. மிச்சத்தை அதில இருந்து எண்ணலாம். நான் ராத்திரி 20 நிமிசம் எண்டு மூண்டு மாசம் இருந்தன், வேகமா வாசிக்க இப்பவும் வராது, ஆனா கேரலுக்குக் காணும்.

சேர்ச் பக்கம் போகாத ஆளுக்கு இது முழுக்கத் தேவையா எண்டா, இல்ல. ஆனா நோட்டேஷனில ரெண்டு பாதி இருக்கு, எந்த ஸ்வரம் எண்டது ஒண்டு, எவ்வளவு நேரம் எண்டது மற்றது, அந்த ரெண்டாவது பாதியை மட்டும் எல்லா பேஸ்காரனும் படிச்சே ஆகோணும் எண்டு நான் நினைக்கிறன். பேண்டில இருந்து ஆக்களை விலத்தினதை நான் கண்டிருக்கிறன், ஒருத்தரையும் நோட்டேஷன் தெரியாது எண்டு விலத்தேல்ல, எண்ணத் தெரியாம கிக்கை விட்டு ஓடினதுக்குத் தான் விலத்தினாங்க. தாளம் வாசிக்கிறது எங்களுக்கு லேசும் கூட. பைலாவில வாற 6/8ஐ தகிட தகிட எண்டு வாயால சொல்லிப்போட்டு தாளைப் பார், அப்பிடியே இருக்கும். புள்ளி வச்ச கால் ஸ்வரம் ரெண்டு, புள்ளி இல்லாத ஒண்டு எண்டு ஒரு 4/4 பார் (நாலு அடி உள்ள ஒரு கட்டம்) வந்தா பயப்பிட ஒண்டும் இல்ல, தகிட தகிட தக, மூண்டும் மூண்டும் ரெண்டும் எட்டு. எத்தனையோ பாட்டில பேஸ் இதைத் தான் அடிக்குது. வாயில வந்தா விரலில வரும்.

ஆகவே தம்பி, ஹோட்டல் பேண்டோ கலியாண பேண்டோ எண்டா இப்பவே போய்க் கேள், காதும் நம்பரும் காணும், போக முதல் ஒரு இருபது பாட்டை மூண்டு வேற வேற கட்டையில திறந்த கம்பி இல்லாம அடிச்சுப் பார். இசைக்குழு எண்டா கட்டைக் கணக்கு தண்ணி மாதிரி இருக்கோணும். சேர்ச் எண்டா அந்தக் கீழ் வரி. என்ன பேண்ட் எண்டாலும் பென்சில் ஒண்டு கொண்டு போ, பேனை வேணாம், கட்டை மாறிக்கொண்டே இருக்கும். கம்பியைத் துடைக்க துணி ஒண்டும், கடல் காத்தில எங்கட ஊரில கம்பி கெதியா துருப்பிடிக்கும்.

இந்த வருசக் கேரலுக்கு சிஸ்டர் புதுத் தாள் தந்திட்டா, எஃபில, பத்தாவது பாரில கீழ் வரி ஜியில இருந்து பி ஃப்ளட்டுக்கு ஏறுது, அந்த இடத்தில விரல் மாறுற நேரத்தை நான் இன்னும் சரியாப் பிடிக்கேல்ல. பென்சிலால ஒரு வட்டம் போட்டு வச்சிருக்கிறன்.