பத்தாண்டில் ஐந்து நியூக்ளியர் ஸ்கேன்: என் அனுபவம்

என் வீட்டு அலமாரியில் ஒரு மஞ்சள் பை இருக்கிறது. 2013 முதல் 2023 வரை எடுத்த ஐந்து இதய நியூக்ளியர் ஸ்கேன்களின் ரிப்போர்ட்டும் படங்களும் அதில்தான் இருக்கின்றன. லேசான கதிர்வீச்சுள்ள மருந்தை ஊசியில் ஏற்றி, இதயத் தசைக்கு ரத்தம் எப்படிப் போகிறது என்று படம் எடுக்கும் சோதனை இது. எங்கள் பக்கத்தில் பலரும் அந்த மருந்துகளில் ஒன்றின் பெயரால் இதைத் தாலியம் ஸ்கேன் என்றே சொல்கிறார்கள். எனக்கு ஐந்து முறையும் போட்டது டெக்னீசியம் ஊசி.

2013-ல் காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் சைக்கிளில் ஏறும்போதெல்லாம் நெஞ்சில் ஓர் இறுக்கம் வந்தது. ஸ்கேனில் இதயத்தின் முன்சுவருக்கு ரத்தம் குறைவாகப் போவது தெரிந்தது. ஆஞ்சியோகிராம் அதை உறுதிசெய்ய, ஸ்டென்ட் வைத்தார்கள். முதல் ஸ்கேன் சரியாகவே சொன்னதால் அதன்மேல் எனக்கு அசையாத நம்பிக்கை வந்துவிட்டது.

2016-ல் மேம்பாலத்தில் மீண்டும் அதே இறுக்கம். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஸ்கேன் மையத்தில் பரிசோதனை செய்துகொண்டேன். அன்று காலை வழக்கம்போல் மெட்டோபிரலால் மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் போனேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கால் வலிக்கிறது என்றதும் டிரெட்மில்லை நிறுத்திவிட்டார்கள். ‘ரத்த ஓட்டத்தில் குறை இல்லை’ என்று ரிப்போர்ட் வந்தது. மனைவி அன்றே பாயசம் வைத்தாள்.

என் டாக்டர் படத்தைப் பார்க்கும் முன் ரிப்போர்ட்டின் கடைசி வரியைப் பார்த்தார். ‘அதிகபட்ச நாடித்துடிப்பு 112’ என்று இருந்தது. “ஐயா, உங்களுக்கு வயது 60. இருநூற்றிருபதில் அதைக் கழித்தால் 160. அதில் 85 சதவீதம், அதாவது 136-ஆவது தொட்டிருக்க வேண்டும். இதயத்துக்கு வேலையே கொடுக்காமல் எடுத்த படம் இது” என்றார். மெட்டோபிரலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை துடிப்பை அடக்கிவைப்பதால் குறை வெளியே தெரியாமல் போய்விடலாம் என்றும் விளக்கினார்.

அவர் சொன்னபடி இரண்டு நாள் அந்த மாத்திரையை நிறுத்தி, மூன்று வாரத்தில் மறுபடியும் எடுத்தோம். (டாக்டர் சொல்லாமல் யாரும் இதை நிறுத்திவிடாதீர்கள், திடீரென நிறுத்துவது ஆபத்து.) இந்த முறை துடிப்பு 138 வரை ஏறியது. அந்த உச்சத்தில் ஊசி மருந்தை ஏற்றிவிட்டு, “இன்னும் ஒரு நிமிடம் மட்டும் நடங்கள் ஐயா” என்றார் டெக்னீசியன். அந்த ஒரு நிமிடத்தின் நீளம் இன்றும் என் கால்களுக்கு நினைவிருக்கிறது. படத்தில் பக்கவாட்டுச் சுவரில் சிறிய குறை தெரிந்தது. மூன்று வாரத்தில் என் இதயம் மாறிவிடவில்லை. சோதித்த விதம்தான் மாறியிருந்தது. மாத்திரைகளைக் கூட்டியதும் மேம்பாலம் எளிதாயிற்று.

2019-ல் வேறு விதமான பயம். கீழ்ச்சுவரில் புதிதாக ஒரு குறை என்றார்கள். அதற்குள் என் எடை எட்டுக் கிலோ ஏறியிருந்தது. கைகளைத் தலைக்கு மேலே தூக்கி, கால் மணி நேரம் அசையாமல் மல்லாந்து கிடக்க, ஊசி மருந்திலிருந்து வரும் கதிர்களைப் படம்பிடிக்கும் காமா கேமரா இடப்பக்கமாகச் சுற்றி வந்தது. டாக்டர் என்னைக் குப்புறப் படுக்க வைத்து அந்தப் படத்தை மட்டும் திரும்ப எடுக்கச் சொன்னார். குறை மறைந்துவிட்டது! வயிற்றையும் நெஞ்சையும் பிரிக்கும் உதரவிதானம் குறுக்கே நின்று கதிர்களைத் தடுத்ததால் விழுந்த நிழல் அது. ஆண்களுக்குக் கீழ்ச்சுவரில் இப்படி நிழல் விழுவது வழக்கமாம். பெண்களுக்கு மார்பகத்தால் முன்சுவரில் விழலாம். அந்த ஒரு படத்தை எடுக்காமல் இருந்திருந்தால் இன்னோர் ஆஞ்சியோகிராமுக்குப் போயிருப்பேன்.

2023-ல் இதயத் தசையில் பக்கவாட்டுக் குறையின் பரப்பு 6 சதவீதத்திலிருந்து 8 ஆகியிருந்தது. மகன் பதறிப்போனான். ஒரே ஆளுக்கு அடுத்தடுத்து எடுத்தாலே இந்த அளவு ஏறி இறங்கும் என்றார் டாக்டர். பழைய படங்களையும் புதியவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மருந்தில் எதையும் மாற்றவில்லை.

இன்னொன்றும் உண்டு. இந்தப் படங்களில் ஒரு பகுதியை மற்றப் பகுதியோடு ஒப்பிட்டுத்தான் குறையைக் கண்டுபிடிக்கிறார்கள். இதயத்துக்கு ரத்தம் தரும் மூன்று முக்கியக் குழாய்களிலும் ஒரே அளவு அடைப்பு இருந்தால் எல்லாப் பகுதியும் சமமாக மங்கி, படம் நல்லதுபோலத் தோன்றக்கூடும். ஆகவே நெஞ்சுவலி இருக்கும்போது ‘நார்மல்’ என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

நடக்க முடியாதவர்களுக்கு டிரெட்மில்லுக்குப் பதிலாக, இதய ரத்தக் குழாய்களை விரிக்கும் அடினோசின் என்ற மருந்தைக் கொடுத்து எடுப்பார்கள். அதற்கு முந்தைய நாளிலிருந்தே காபியும் டீயும் கூடாது. காபீன் அந்த மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும். குடித்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இப்போது ஆண்டுதோறும் எடுக்கலாமா என்று நானே கேட்டேன். புதிய தொல்லை இல்லாதவர்களுக்குக் குறித்த தேதிக்கு ஸ்கேன் எடுப்பதால் பலன் இல்லை என்றார். 2022-ல் வெளியான கொரிய ஆய்வு ஒன்றில், ஸ்டென்ட் வைத்து ஓராண்டானதும் வழக்கமாகச் சோதிக்கப்பட்டவர்களுக்கும், தொல்லை வந்தால் மட்டும் சோதிக்கப்பட்டவர்களுக்கும் முடிவில் பெரிய வேறுபாடு இல்லையாம். ஒவ்வொரு ஸ்கேனிலும் சுமார் 10 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு வேறு.

பையிலுள்ள ஒவ்வொரு உறையின் மேலும் நான்கு விவரங்களை நீல மையில் எழுதி வைத்திருக்கிறேன்: எட்டிய துடிப்பு, அன்று நிறுத்திய மாத்திரை, உடல் எடை, எடுத்த இடம். அடுத்த ஸ்கேன் எப்போது வந்தாலும் அந்த உறைகள்தான் முதலில் டாக்டர் மேசைக்குப் போகும்.