நான் கொடுத்த மணிக்கூடும் நிறுவனம் திருப்பித் தந்த மணிக்கூடும்

இப்போது என் மணிக்கூடு ஒரு நாளைக்கு இரண்டு விநாடிக்கு மேல் பிசகுவதில்லை. மழையில் நனைந்தாலும் கண்ணாடிக்குள் ஆவி படர்வதில்லை. வெள்ளி இரவு கழற்றி மேசையில் வைத்தால் ஞாயிறு காலையிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. என்னிடம் வந்த நாளிலிருந்து அது இவ்வளவு நன்றாக ஓடியதில்லை. ஆனாலும் அதைக் கையில் கட்டும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

கொக்குவிலில் இருக்கும் நண்பர் ஒருவரின் கேள்விதான் இதை எழுத வைத்தது. அவருடைய தகப்பனார் கட்டிய சுவிஸ் மணிக்கூடு நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்தில் திருத்துகிறவரிடம் கொடுப்பதா, செய்த நிறுவனத்துக்கே அனுப்புவதா என்று கேட்டார். ஒரே மணிக்கூட்டை இரண்டு இடத்திலும் திருத்தக் கொடுத்தவன் நான். தொலைபேசியில் சொன்ன பதில் எனக்கே போதவில்லை.

என்னுடையது அண்ணா 1994இல் பேர்ண் நகரில், உணவகச் சமையலறையில் உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கியது. நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. உள்ளே இருப்பது ஈடிஏ என்ற சுவிஸ் நிறுவனம் செய்த 2892-ஏ2 இயந்திரம். 3.6 மில்லிமீற்றர் தடிப்பு, 21 கற்கள், விநாடிக்கு எட்டு துடிப்பு, கை அசைவிலேயே சாவி ஏறும். பல பெரிய பெயர்களின் மணிக்கூடுகளுக்குள் அந்தக் காலத்தில் இதே இயந்திரம்தான் இருந்தது. டயலின் அடியில், ஆறு மணிக்குக் கீழே, சிறிய எழுத்தில் 'டி சுவிஸ் மேட் டி' என்று இருக்கும். இருட்டில் ஒளிரும் புள்ளிகளில் ட்ரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் பூசியிருக்கிறது என்பதற்கான அடையாளம் அந்த டி. ட்ரிட்டியம் பாதியாகக் குறைய எடுக்கும் காலம் 12 ஆண்டும் சில மாதங்களும். எனவே ஒளி எப்போதோ அடங்கிவிட்டது. ஆனால் அந்தப் புள்ளிகளும் முட்களும் வெண்மை மாறிப் பழைய யானைத் தந்தத்தின் நிறத்துக்கு வந்திருந்தன. காலம் மட்டுமே தரக்கூடிய அந்த நிறத்தை எந்தத் தொழிற்சாலையும் பூசித் தர முடியாது.

2003இல், சமாதான காலத்தில், அண்ணா ஏ9 வீதியால் வந்து என் கையில் அதைக் கட்டிவிட்டுப் போனார். எனக்கு அப்போது கிளிநொச்சியில் வேலை. 1996இல் அரசாங்கம் நாட்டின் நேரத்தை முன்னுக்குத் தள்ளியபோது, கிளிநொச்சி உட்பட புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரமே தொடர்ந்தது. அதனால் யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்குள் போகும் முகமாலைச் சோதனைச் சாவடியைத் தாண்டுகிற ஒவ்வொரு முறையும் அரை மணித்தியாலம் பின்னுக்கு வைக்க வேண்டும், திரும்பி வரும்போது முன்னுக்கு வைக்க வேண்டும். 2006 ஏப்ரலில் முழு நாடும் பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை கிழமைதோறும் இதுதான் கதை. பக்கத்தில் இருக்கும் திருகை ஒவ்வொரு முறையும் மரை கழற்றி, இழுத்து, திருப்பி, மறுபடி இறுக்குவேன். பின்னால் அந்த மரை தேய்ந்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாண நகரில் மணிக்கூடு திருத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள வீதிகளில், தொலைபேசிக் கடைகளுக்கு இடையில், ஒரு கண்ணாடிப் பெட்டியும் ஒரு விளக்கும் அளவான இடத்தில். அவர்களில் பலர் இப்போது பற்றரி மாற்றுவதோடும் பட்டி போடுவதோடும் நிறுத்திக்கொள்கிறார்கள். நான் போகிற ஐயா அப்படியில்லை. அவர் தொழிலில் ஊறியது தொண்ணூறுகளின் முற்பகுதியில். பொருளாதாரத் தடையில் பற்றரி யாழ்ப்பாணத்துக்குள் வர முடியாத காலம் அது. பற்றரியில் ஓடியவை எல்லாம் ஒவ்வொன்றாய் நின்றுபோக, வீடுகளில் பெட்டிக்குள் கிடந்த பழைய சாவி மணிக்கூடுகள் வெளியே வந்தன. உதிரிப்பாகம் எங்கிருந்தும் வராது. செத்த ஒன்றிலிருந்து எடுத்து உயிருள்ள ஒன்றுக்குப் போட வேண்டும், பொருந்தாவிட்டால் அரத்தால் தேய்த்துப் பொருத்த வேண்டும். எந்தப் பாகத்தையும் எறியக்கூடாது என்ற பழக்கம் அப்படித்தான் அவர் கையில் படிந்தது. இன்றும் அவருடைய மேசை இழுப்பறையில் சிறிய போத்தல்களில் திருகாணிகளும் சில்லுகளும் அளவு வாரியாக இருக்கின்றன.

முதல் தடவை நான் கொண்டுபோனபோது மணிக்கூடு நாளுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் பிந்திக்கொண்டிருந்தது. அவர் அதைச் சிறிய அளவுக் கருவியில் வைத்து எனக்குக் காட்டினார். முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பலன்ஸ் சில்லு நடுநிலையிலிருந்து ஒரு பக்கம் எத்தனை பாகை சுழல்கிறது என்பதை அது காட்டும். 270க்கும் 310க்கும் இடையில் இருந்தால் நல்ல சுகம். என்னுடையது 210இல் நின்றது. "தம்பி, தேயவில்லை. எண்ணெய்தான் வற்றிவிட்டது" என்றார். முழுவதும் கழற்றிக் கழுவினார். வேகமாகச் சுழலும் முனைகளுக்கு மெல்லிய எண்ணெய், பாரம் தாங்கும் இடங்களுக்குத் தடித்த எண்ணெய், வில்லுக்கு வேறு பசை. எல்லாம் சுவிஸ் எண்ணெய்கள், மகன் வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்புகிறவை. திரும்பக் கருவியில் வைத்தபோது 285 காட்டியது. 12,000 ரூபா வாங்கினார்.

இங்கே எனக்குக் கிடைத்த பெரிய மகிழ்ச்சி அவர் தொடாமல் விட்டவைதான். உடம்பில் இருந்த கீறல்களை அவர் தொடவில்லை. பட்டி மாட்டும் நான்கு கால்களிலும் மேற்பகுதி மங்கலாகவும் பக்கம் பளபளப்பாகவும் இருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் கத்தி முனைபோல் ஒரு விளிம்பு ஓடும். விரலை வைத்தால் தெரியும். பொலிஷ் பண்ணட்டுமா என்று கேட்காமலேயே, "இந்த விளிம்பை ஒருவரையும் தேய்க்க விடவேண்டாம். தேய்த்தால் இரும்பு போகும், போனது வராது" என்று சொல்லித் தந்தார்.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. அவர் திருத்திய பிறகு நாளுக்கு எட்டு விநாடி முந்தியது. துல்லியத்துக்குக் கொடுக்கும் சுவிஸ் குரோனோமீற்றர் சான்றிதழுக்கான அளவு நாளொன்றுக்குச் சராசரியில் நாலு விநாடி பிந்துவதிலிருந்து ஆறு விநாடி முந்துவது வரை. அதற்குச் சற்று வெளியே. நீர் புகாமையைச் சோதிக்கும் அழுத்தக் கருவி அவரிடம் இல்லை. அதை அவரே முதலில் சொன்னார். பற்றுச்சீட்டு இல்லை, உத்தரவாதப் பத்திரம் இல்லை. சொன்ன தேதிக்கு வேலை முடிந்ததும் இல்லை. கோயில் திருவிழா வந்தால் கடை பூட்டியிருக்கும்.

சில வருடங்கள் நன்றாக ஓடியது. பிறகு ஒரு மாரி காலத்தில் மோட்டார் சைக்கிளில் நனைந்து வந்தபோது கண்ணாடியின் உட்புறத்தில் ஆவி படர்ந்திருந்தது. ஐயா உடனே திறந்து உலர்த்தி, துரு ஏறுமுன் காப்பாற்றினார். திருகும் அது ஏறும் குழாயும் மரை தேய்ந்துவிட்டன, இரண்டையும் மாற்ற வேண்டும் என்றார். இயந்திரத்தில் ஏதாவது போயிருந்தால் அவருக்குக் கவலையில்லை. 2892க்கு இணையாக செலிற்றா நிறுவனம் செய்கிற இயந்திரத்தின் பாகங்கள் பல பொருந்தும், அவற்றை வாங்கலாம். ஆனால் திருகும் குழாயும் அந்த நிறுவனத்துக்கே உரியவை. அதை அவருக்கு விற்கமாட்டார்கள்.

இந்த இடத்தில்தான் என் கோபத்தின் வேர் இருக்கிறது. யாழ்ப்பாணத்து ஐயாவுக்கு மட்டும் மறுக்கிறார்கள் என்று நினைக்கவேண்டாம். ஐரோப்பாவின் சுயாதீனத் திருத்துநர்களின் கூட்டமைப்பு 2004இலேயே ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டது. ஆணையம் 2008இல் தள்ளிவிட்டது. 2010இல் நீதிமன்றம் அந்த முடிவை இரத்துச் செய்தது. ஆணையம் மறுபடி ஆராய்ந்து 2014இல் மறுபடியும் தள்ளியது. 2017இல் நீதிமன்றமும் ஆணையத்தின் பக்கம் நின்றது. இதற்கிடையில், பல சுவிஸ் மணிக்கூட்டு நிறுவனங்களைக் கையில் வைத்திருக்கும் ஸ்வொச் குழுமம் 2015 முடிவோடு மொத்த வியாபாரிகளுக்குப் பாகங்கள் கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. தரத்தைக் காக்கத்தான் இப்படி என்பது நிறுவனங்களின் வாதம். தேர்ச்சியில்லாத கை ஒரு நல்ல மணிக்கூட்டை நாசமாக்கும் என்பது உண்மை, நான் பார்த்திருக்கிறேன். ஆனால் தேர்ச்சியுள்ள கைக்கும் ஒரு குழாயை விற்க மறுப்பது தரத்தைக் காப்பதாகாது. நாம் காசு கொடுத்து வாங்கிய பொருளின் மேல் அவர்கள் பிடியைத் தளர்த்தவில்லை என்பதுதான் அதன் அர்த்தம்.

வேறு வழியில்லை. கொழும்பில் உள்ள முகவரிடம் கொடுத்தாலும் வெளிநாட்டுக்குத்தான் அனுப்புவார்கள் என்றார்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருந்த அக்கா சுவிற்சர்லாந்துக்குத் திரும்பிப் போகும்போது கையில் கட்டிக்கொண்டு போனார். அங்கே அண்ணா சேவை நிலையத்தில் கொடுத்தார். விலைக்கூறு ஏறத்தாழ 800 பிராங். எங்கள் பணத்தில் இரண்டரை இலட்சம் ரூபாவைத் தாண்டும். திருகும் குழாயும் மட்டும் மாற்றித் தாருங்கள் என்று கேட்டோம். அப்படித் தனியே செய்வதில்லை, முழுச் சேவைதான் என்றார்கள். டயலையும் முட்களையும் விட்டுவிடுங்கள் என்று கேட்டோம். ட்ரிட்டியம் பூசியதைத் திரும்பப் பொருத்த மாட்டோம் என்றார்கள். அது கதிரியக்கப் பொருள், தொழிலாளரின் பாதுகாப்புக்காக விதி வைத்திருக்கிறார்கள் என்றால் அதை நான் மதிக்கிறேன். அப்படியானால் பழையதை ஒரு பையில் போட்டுத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டோம். அதற்கும் இல்லை. உடம்பைப் பொலிஷ் பண்ணவேண்டாம் என்று அண்ணா படிவத்தில் எழுதிக் கொடுத்தார்.

பொலிஷ் பண்ணித்தான் தந்தார்கள்.

வேலையின் தரத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். உள்ளே அவர்கள் செய்தது அபாரமான வேலை. எல்லா நிலையிலும், டயல் மேலே, கீழே, திருகு மேலே, கீழே என்று வைத்துப் பார்த்தாலும் ஒரே சீராக ஓடுகிறது. 100 மீற்றர் ஆழத்துக்கான அழுத்தத்தில் சோதித்த தாள் கூட வந்தது. இரண்டு ஆண்டு உத்தரவாதம். நான் ஐயாவிடம் கொண்டுபோய்க் காட்டியபோது அவர் பின்மூடியைத் திறந்து, கண்ணில் பூதக்கண்ணாடியோடு நெடுநேரம் பார்த்துவிட்டு, "என்னால் இவ்வளவு சுத்தமாகச் செய்ய முடியாது" என்றார். தொழில் தெரிந்த மனிதரின் வாயிலிருந்து வந்த பாராட்டு அது.

ஆனால் நான்கு கால்களிலும் அந்த விளிம்பு இல்லை. கத்தி முனைபோல் இருந்தது சவர்க்காரத் துண்டின் ஓரம்போல் வழுக்குகிறது. டயல் பளீரென்ற வெள்ளைப் புள்ளிகளோடு புதிதாக இருக்கிறது, இரவில் பச்சையாக ஒளிர்கிறது. அடியில் இருந்த அந்த டி இரண்டும் போய்விட்டன. இடது கீழ்க் காலில் ஒரு நீளக் கீறல் இருந்தது. சமையலறையின் உருக்கு மேசையில் உரசியதால் வந்தது என்று அண்ணா சொல்லியிருந்தார். அந்த நாளில் அவர் கிழமைக்கு ஆறு நாள் இரவில் வேலை செய்தார். அனுப்புவதற்கு முன் பெட்டியைத் திறந்து பார்த்த அண்ணாவே தொலைபேசியில் சொன்ன முதல் வார்த்தை, "அந்தக் கீறலை அழித்துவிட்டார்கள்" என்பது. அந்தக் கீறலை அழிப்பதற்கும் சேர்த்து நாங்கள் காசு கொடுத்திருக்கிறோம். பெரும்பாலான வாடிக்கையாளர்கள் புதிதுபோல் வேண்டும் என்றுதான் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். நாங்கள் எழுத்தில் வேறு கேட்டோம். ஒரு வரியை வாசிக்க எவ்வளவு நேரம் போகும்?

புள்ளி போட்டால் நிறுவனம்தான் முன்னுக்கு நிற்கும். நேரம், நீர் புகாமை, உத்தரவாதம், பற்றுச்சீட்டு எல்லாவற்றிலும். இருந்தும் நண்பரிடம் யாழ்ப்பாணத்திலேயே கொடுக்கச் சொல்லிவிட்டேன். நாளுக்கு ஆறு விநாடி வித்தியாசத்தை ஞாயிற்றுக்கிழமை திருகை இழுத்துச் சரிசெய்துவிடலாம். தகப்பனார் கட்டிய மணிக்கூடு தகப்பனார் கட்டிய மணிக்கூடாகவே திரும்ப வரவேண்டும்.

விதிவிலக்கு உண்டு. 1999இல் ஒமேகா நிறுவனத்தின் மணிக்கூடுகளில் வரத் தொடங்கிய கோ-அக்சியல் போன்ற தனி இயந்திர அமைப்புள்ளவற்றை இங்கே திறக்கக் கொடுக்கவேண்டாம். பாகமும் கிடைக்காது, அதற்கான பயிற்சியும் இங்கே இல்லை. நேரம் நிறுத்திப் பார்க்கும் குரோனோகிராப் என்றாலும் ஒருமுறை யோசிக்கலாம். நண்பருடையது சாதாரண மூன்று முள், உள்ளே ஈடிஏ 2824. ஐயா கண்ணை மூடிக்கொண்டு கழற்றக்கூடிய இயந்திரம் அது. என்றாவது நிறுவனத்துக்கு அனுப்ப நேர்ந்தால் முதலில் டயலையும் நான்கு கால்களையும் வெளிச்சத்தில் நெருக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். பழைய பாகங்களைத் தருவோம், பொலிஷ் பண்ணமாட்டோம் என்று அவர்கள் கையொப்பமிட்டுத் தராமல் மணிக்கூட்டைக் கையிலிருந்து விடவேண்டாம்.

ஐயாவிடம் போவதானால் காலையில் போங்கள். மத்தியானத்துக்குப் பிறகு கண் களைத்துவிடும் என்று அவர் இப்படியான மணிக்கூடுகளைத் திறப்பதில்லை. பின்மூடியைத் திறக்கும்போது பக்கத்தில் இருந்து பார்க்க விடுவார். கேட்டால் ஒவ்வொரு சில்லையும் காட்டிச் சொல்லித் தருவார். கழற்றிய பழைய சுருள்வில்லையும் பசை காய்ந்த வளையத்தையும் ஒரு சிறிய தாளில் மடித்து, கேட்காமலேயே உங்கள் கையில் தருவார்.