28 என்று எரிகிற பெட்டியை நம்பாதீங்க

பாளையங்கோட்டையில் வீட்டு முன்கட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறோம். நானும் வீட்டுக்காரரும்தான், ஆள் கிடையாது. தினம் நாற்பது கிலோ. மார்கழியில் ஒரு தொல்லையும் இல்லை. சித்திரை பிறந்தால்தான் சோலி கெடும். கத்திரி வெயிலில் பகல் 40 டிகிரியைத் தொடும்; நடுராத்திரி அடுக்களைச் சுவரில் கை வைத்தாலும் கொதிக்கும். கிரைண்டரில் இருந்து வழிக்கும்போதே மாவு 35 டிகிரி. ரெண்டு மணிக்கெல்லாம் மூடியைத் தள்ளிக்கொண்டு வழியும். பக்கத்துத் தெரு ஆச்சி ஒரு நாள் பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்து, "ஏட்டி, இது மாவா மோரா?" என்று கேட்டுவிட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைக்க என்று தெரியவில்லை.

தம்பி நியூசிலாந்தில் இருக்கிறான். அங்கே வீட்டில் பீர் வடிப்பது குற்றமில்லை. இவனும் ரெண்டு வருஷமாக வடிக்கிறான். (நம்ம ஊரில் செய்தால் மதுவிலக்குச் சட்டத்தில் தூக்கி உள்ளே வைத்துவிடுவார்கள். அம்மாவுக்கு இன்னும் தெரியாது.) என் புலம்பலைக் கேட்டுவிட்டு அவன், "எக்கா, உனக்கும் எனக்கும் ஒரே நோவுதான்" என்றான். பீருக்கு ஈஸ்ட், நம் மாவுக்கு உளுந்தோடு ஒட்டி வருகிற பாக்டீரியா, அவ்வளவுதான் வித்தியாசமாம். ரெண்டுமே புளிக்கும்போது தானாகச் சூட்டைக் கிளப்பும். அவன் வடிக்கும் ஏல் என்கிற பீர் வகைக்கு 18 முதல் 20 டிகிரி வேண்டும். அறை 20-ல் இருந்தாலும் வாளிக்குள் 24, 25 ஏறிவிடும். முதல் மூன்று நாள் சூடு கூடினால் வாழைப்பழ வாடையும் நகப்பூச்சு நெடியும் அடிக்குமாம், குடித்தவனுக்கு மறுநாள் மண்டை பிளக்குமாம். அதனால் பழைய ஃபிரிட்ஜ் ஒன்றை வாங்கி, வெளியே ஒரு கன்ட்ரோலர் பெட்டி மாட்டியிருக்கிறான். ஃபிரிட்ஜின் சொந்த தெர்மோஸ்டாட் நாலஞ்சு டிகிரிக்குத்தான் லாயக்கு, 20-ல் நிறுத்தத் தெரியாது. பெட்டி சென்சாரைப் பார்த்து, சூடு ஏறினால் கரண்டை விடும், இறங்கினால் வெட்டும். "நீ 28-ல வச்சுக்கோ, மாவு நேரத்துக்கு எந்திரிக்கும்" என்றான்.

இதோடு கிளம்பிப் போனேன். வண்ணார்பேட்டைப் பக்கம் பழைய ஃபிரிட்ஜ் விற்கிற ஒரு பட்டறை. பெயர் சொல்லப்போவதில்லை. கூல்டிரிங்ஸ் கடைகளில் நிற்குமே, கண்ணாடிக் கதவு போட்ட உயரமான ஃபிரிட்ஜ், அது 17,000. கன்ட்ரோலர் மாட்ட 4,500. "தங்கச்சி, இதெல்லாம் நமக்குத் தண்ணிபட்ட பாடு. ஐஸ்கிரீம் கம்பெனிக்கே மாட்டிக் குடுத்திருக்கேன்லா" என்றார். பெட்டியில் பித்தானை அமுக்கினார், சிவப்பில் 28.0 எரிந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. அங்கேதான் நான் கோட்டி ஆனேன். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் "ஃபிரிட்ஜ் 1, ஆறு மாசம்" என்று எழுதிக் கொடுத்தார். கடைப் பெயரோ தேதியோ அதில் இல்லை.

முதல் ராத்திரி நாலு தூக்கு மாவை ஏற்றிவிட்டுத் தூங்கினேன். வெள்ளன திறந்தால் கல்லு மாதிரி கிடக்கிறது. பெட்டியில் 9.4. போன் போட்டேன். "புது கேஸ் அடைச்சிருக்கு தங்கச்சி, செட்டாக ரெண்டு நாள் ஆகும்." ரெண்டு நாள் கழித்து 8.8. ஆளை அனுப்பினார். அவன் உள்ளே இருந்த ஃபிரிட்ஜின் சொந்த தெர்மோஸ்டாட் குமிழைத் திருகிவிட்டுப் போனான். அன்றைக்கு ராத்திரி ஃபிரிட்ஜ் ஓடவே இல்லை. பெட்டியில் 34 காட்டுகிறது, மாவு வழிந்து கதவு ரப்பர் வரைக்கும் ஒழுகிவிட்டது. மறுபடி போன். "கரண்டு லோ வோல்டேஜ் தங்கச்சி, ஸ்டெபிலைசர் வாங்குங்க, நம்மகிட்டயே இருக்கு, 3,200." நல்லவேளை, வீட்டுக்காரர் அதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை. இப்படியே பத்து நாள். நான் வீசின மாவு நூறு கிலோவுக்கு மேல். மாட்டுக்குக்கூட அவ்வளவு புளிப்பு ஆகாது என்று பால்காரர் வாங்க மறுத்துவிட்டார்.

கடைசியில் தம்பியை வீடியோவில் கூப்பிட்டேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: சென்சார் ஒயரை எடு, ஒரு டம்ளர் வெந்நீரில் முக்கு. முக்கினேன். எண் 45-க்குப் போனது. "இப்ப கம்ப்ரசர் ஓடணும். ஓடுதா?" சத்தமே இல்லை. அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம் பார்த்தோம், ஓடவில்லை. குமிழைத் திருப்பினேன், ஓடியது. "இப்ப ஐஸ் தண்ணில முக்கு." எண் 3-க்கு இறங்கியது. ஃபிரிட்ஜ் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. எண் ஒரு பக்கம், ஃபிரிட்ஜ் ஒரு பக்கம், ரெண்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

தெருமுனை எலக்ட்ரீசியன் வந்து பெட்டியைப் பிரித்தார். உள்ளே இருந்தது நல்ல கன்ட்ரோலர்தான், போலியில்லை. எண் எரிவதற்கான ரெண்டு ஒயரும் சென்சார் ஒயரும் மாட்டியிருந்தது. கூலிங் என்று போட்டிருந்த முனையில் ஒரு ஒயரும் இல்லை. திருகாணி கைபடாமல் புதுசாக மினுங்கியது. அரை மணி நேர வேலை. பட்டறைக்காரர் அதைச் செய்யத் தெரியாமல் விட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா, இன்னும் எனக்கு விளங்கவில்லை. தெரியாது என்று சொல்லியிருந்தால் அந்த 4,500-ஐ இந்த எலக்ட்ரீசியனிடமே கொடுத்திருப்பேன்.

தம்பி சொல்லச் சொல்ல எலக்ட்ரீசியன் ஒழுங்காக மாட்டினார். சென்சாரைக் காற்றில் தொங்கவிடாமல் தூக்கின் பக்கத்தில் டேப் ஒட்டி, மேலே தெர்மாகோல் துண்டு வைத்து மூடினோம். காற்று சட்டென்று குளிர்ந்துவிடும், கெட்டி மாவின் நடுவில் சூடு அப்படியே நிற்கும். காற்றின் எண்ணைப் பார்த்தால் அது மாவின் எண் இல்லை. ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்குவதற்கும் நிற்பதற்கும் நடுவில் ஒரு டிகிரி இடைவெளி வைத்தோம். கம்ப்ரசர் நின்றால் மறுபடி கிளம்ப ஐந்து நிமிஷம் தாமதம் வைத்தோம். நின்ற உடனே கிளப்பினால் உள்ளே அழுத்தம் இறங்காமல் கம்ப்ரசர் திணறும். பெரிய தூக்கை விட்டுவிட்டு எட்டு சின்னத் தூக்காகப் பிரித்தோம். ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்ததில் மாவு 29-லேயே இறங்கியது. பதினோரு நாள், அப்படி ஒரு மாவு! ஆச்சி தானே வந்து ரெண்டு பாக்கெட் வாங்கினாள்.

பன்னிரண்டாம் நாள் கம்ப்ரசர் கருகியது. கீழே பார்த்தால் கறுப்புப் பெயின்ட்டுக்கு அடியில் பழைய வெல்டிங் ஒட்டு. பட்டறைக்குப் போனால், "நீங்க வேற ஆள வச்சுப் பிரிச்சிட்டீங்க, இனி நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டு சோடா குடிக்கப் போய்விட்டார். தங்கச்சி என்கிற பேச்சே அதற்குப் பிறகு வரவில்லை.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். "வியாபாரத்துக்கு வாங்கினா நுகர்வோர் கிடையாது" என்று பலர் பயமுறுத்தினார்கள். பிழைப்புக்காகத் தானே செய்கிற சுயதொழிலுக்கு வாங்கினால் 2019 சட்டப்படி நுகர்வோர்தான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பொருளுக்குக் கொடுத்தது 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குப் போடக் கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். என்னிடம் உள்ள சீட்டுதான் சவம், ஒன்றுக்கும் உதவாத சீட்டு. ஜிபேயில் அனுப்பின கணக்கும், அவர் பேசி அனுப்பின வாட்ஸ்அப் குரல்களும் இருப்பதால் கொஞ்சம் நம்பிக்கை.

இப்போதைக்குப் பெரிய அண்டாவில் தண்ணீர் ஊற்றி, அதில் தூக்குகளை இறக்கி, ஈரச் சாக்கைச் சுற்றி, ராத்திரி பதினொன்றுக்கு ஒரு தடவை ஐஸ் பாட்டில் மாற்றுகிறேன். ஃபிரிட்ஜ் வாங்குவதற்கு முன்னால் தம்பியும் இப்படித்தான் செய்தானாம். 30-க்கு மேலே போகாமல் நிற்கிறது. தூக்கம்தான் கெடுகிறது.

வண்ணார்பேட்டைப் பக்கம் இதே மாதிரிப் பெட்டி மாட்டி வாங்கினவர்கள் யாராவது இருந்தால், இன்றைக்கே சென்சாரை வெந்நீர் டம்ளரில் முக்கிப் பாருங்கள், கம்ப்ரசர் சத்தம் கேட்கிறதா என்று. கேட்கவில்லை என்றால் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லுங்கள். ரெண்டு மூன்று பேராகச் சேர்ந்து போனால் ஆணையத்தில் என் துண்டுச் சீட்டுக்கும் ஒரு மதிப்பு வரும்.